காட்டுத்தீப் புகை வரும்போது: வீட்டு முதியவர்களையும் நோயாளிகளையும் காப்பது எப்படி?

2023 ஆம் ஆண்டு யூன் 25 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள்தான் கியூபெக்கின் சென் ஜோன் பப்திஸ்ட் விடுமுறை. காலையில் எழுந்து பார்த்தபோது மொன்றியல் வானம் சாம்பல் நிறமாக இருந்தது. தெருமுனையில் இருந்த கட்டடம் மங்கலாகத்தான் தெரிந்தது. உலகின் பெருநகரங்களுள் அன்று மிக மோசமான காற்று மொன்றியலில்தான் என்று சுவிஸ் நாட்டு ஐ.கியூ.எயர் நிறுவனத்தின் பட்டியல் காட்டியது. மாநகரசபை வெளிப்புற நீச்சல் குளங்களை மூடியது. மொன்-திராம்ப்ளானில் அன்று நடக்கவிருந்த அயன்மான் போட்டியும் கைவிடப்பட்டது. வீட்டுக்குள் இருங்கள், வெளியே போவதென்றால் என்95 முகக்கவசம் அணியுங்கள் என்று அறிவித்தல் வந்தது. அது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்தது.

எங்கள் தொடர்மாடியில் தனியே வசிக்கும் 78 வயது அம்மா ஒருவருக்கு அந்த அறிவித்தல் போய்ச் சேரவில்லை. அவர் பார்ப்பது தமிழ்த் தொலைக்காட்சி மட்டுமே. வெக்கையாக இருந்ததால் காலையிலிருந்து எல்லா யன்னல்களையும் திறந்து வைத்திருந்தார். "யாரோ பக்கத்திலை குப்பை எரிக்கினம் எண்டு நினைச்சன் தம்பி. மணம் போகட்டும் எண்டு சாம்பிராணியும் போட்டன்" என்று பிறகு சொன்னார். அன்றிரவு மூச்செடுக்க முடியாமல் அம்புலன்ஸில் போனவர், மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்து திரும்பினார். அவருடைய மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். அதே கட்டடத்தில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். ஒருவரும் போய் அவருடைய கதவைத் தட்டவில்லை. நானும் தட்டவில்லை.

நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். அந்த நாளுக்குப் பிறகு கனடாவின் மத்திய சுகாதார அமைச்சும் கியூபெக் சுகாதாரத் துறையும் வெளியிட்ட அறிவுறுத்தல்களைத் தேடி வாசித்தேன். அவற்றை எங்கள் வீடுகளுக்கும் பழக்கங்களுக்கும் பொருந்தும்படி ஒழுங்குபடுத்தியதே இந்தக் கட்டுரை. மருந்து, அதன் அளவு ஆகியவற்றை அவரவர் வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகை எங்கிருந்து வருகிறது?

2023 யூன் 1 ஆம் திகதி கியூபெக்கின் காய்ந்த காடுகளில் மின்னல் விழுந்து ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தீப்பிடித்தது. மாகாணத்தின் காட்டுத்தீ அணைப்பு நிறுவனமான சொப்ஃபே எல்லா இடங்களுக்கும் ஆள் அனுப்ப முடியாமல் திணறியது. யூன் 6 ஆம் திகதி ஷிபுகாமோ நகரத்து மக்கள் ஏறத்தாழ 7,500 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அந்த ஆண்டில் கியூபெக்கில் மட்டும் 40 இலட்சம் ஹெக்டெயருக்கு மேல் எரிந்தது. கனடா முழுவதும் எரிந்தது ஏறத்தாழ 150 இலட்சம் ஹெக்டெயர். இலங்கைத் தீவின் மொத்தப் பரப்பே 66 இலட்சம் ஹெக்டெயருக்குச் சற்றுக் குறைவு என்பதை வைத்துப் பார்த்தால் அளவு விளங்கும்.

இது அந்த ஓர் ஆண்டோடு முடிந்த விடயமும் அல்ல. 2010 மே மாத இறுதியில் லா துக் பகுதித் தீயின் புகை மொன்றியலை மூடியது. 2025 இல் மேனிட்டோபாவும் சஸ்காச்சுவானும் மே மாதக் கடைசியிலேயே அவசரகால நிலையை அறிவித்தன. புகை நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்யக்கூடியது. ஊரில் உள்ளவர்களுக்கும் இது புதிதல்ல. 2022 டிசம்பரில் வெளியிலிருந்து வந்த மாசடைந்த காற்றும் மண்டோஸ் புயலும் சேர்ந்து இலங்கையின் காற்று கெட்டதால், 9 ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன.

இன்னொரு வகைப் புகையும் உண்டு. பெரிய தீ வராமல் தடுக்கவும் சில மர இனங்கள் மீண்டும் முளைக்கவும், காட்டின் ஒரு பகுதியை நாள் பார்த்து, காற்றுப் பார்த்து, ஆட்களை நிறுத்தி அளவோடு எரிப்பார்கள். கியூபெக்கில் ஷாவினிகனுக்கு வடக்கே உள்ள லா மொரிசி தேசியப் பூங்காவில் வெள்ளைப் பைன் மரங்களைப் பேணுவதற்காகப் பார்க்ஸ் கனடா பல ஆண்டுகளாக இப்படிச் செய்துவருகிறது. எங்கள் வன்னியில் சேனைக்குக் காடு வெட்டி எரித்ததைக் கண்டவர்களுக்கு இது புரியும். இந்தப் புகை குறைவு, சில நாட்களில் முடிந்துவிடும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஆனாலும் நுரையீரல் ஒரு புகையையும் இன்னொரு புகையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ அந்தப் பக்கம் முகாம் அடிக்கப் போகும் குடும்பத்தில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், பூங்காவின் அறிவித்தலைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

புகைக்குள் இருப்பது என்ன?

புகையில் பல வாயுக்கள் உண்டு. தூரத்திலிருந்து வரும் புகையில் முக்கியமான கெடுதலைச் செய்வது நுண்துகள். இதைப் பி.எம். 2.5 என்பார்கள். ஒரு துகளின் குறுக்களவு 2.5 மைக்ரோன் அல்லது அதற்கும் குறைவு, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் இது சிக்குவதில்லை. நுரையீரலின் அடிவரை போய், அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதனால்தான் புகை நாட்களில் ஆஸ்துமாவும் முட்டும் கூடுவதோடு, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த வழிகாட்டலின்படி, 24 மணிநேரச் சராசரியில் ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் துகள் இருக்கக் கூடாது.

யன்னலைப் பூட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அறிய வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. 2002 யூலையில் கியூபெக் காட்டுத்தீயின் புகை அமெரிக்காவின் பால்ரிமோர் நகரம் வரை போனது. அங்கே வீடுகளுக்குள் அளந்து பார்த்தபோது, வெளியே இருந்த நுண்துகளில் மிகப் பெரும்பகுதி உள்ளேயும் இருந்தது. யன்னல் இடுக்கு, கதவின் அடி, காற்றை வெளித்தள்ளும் விசிறி ஆகிய எல்லாவற்றாலும் அது உள்ளே வரும். பூட்டுவது முதற்படி மட்டுமே. உள்ளே வந்ததை வடித்தெடுப்பது இரண்டாவது படி.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்கள், இதய நோயாளிகள், நீரிழிவு உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், வெளியே உழைப்பவர்கள். இது எல்லா அறிவுறுத்தல்களிலும் காணப்படும் பட்டியல். எங்கள் சமூகத்துக்கு மூன்று விடயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நீரிழிவும் இதய நோயும் தெற்காசியரிடம் இளம் வயதிலேயே, உடல் மெலிவாக இருந்தாலும் வருகின்றன. ஐம்பது வயதில் "எனக்கு ஒண்டும் இல்லை, சீனி மட்டும் கொஞ்சம்" என்று சொல்பவரும் இந்தப் பட்டியலில் உள்ளவர்தான்.

இரண்டாவது, எங்கள் அம்மாமாரின் நுரையீரல். ஒரு சிகரெட்டும் தொடாதவர்கள், ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் பனைமட்டையும் தென்னம்பாளையும் விறகும் வைத்து, புகைபோக்கி இல்லாத குசினியில் சமைத்தவர்கள். விறகடுப்புப் புகை நாட்பட்ட நுரையீரல் நோய்க்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே வைத்தியர் "புகைபிடித்தீர்களா?" என்று கேட்பார். "இல்லை" என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கூடப் போகும் பிள்ளைகள் அந்த இடத்தில் "விறகில் இத்தனை ஆண்டுகள் சமைத்தவர்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நெஞ்சில் செல் துண்டோ பழைய காயமோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, போரிலிருந்து வந்தவர்களின் மனம். சிலருக்கு எரிந்த மணமும் இருண்ட வானமும் 2009 ஐக் கண்முன் கொண்டுவரும். நித்திரை போய்விடும், நெஞ்சு படபடக்கும். வேறு சிலர் இதற்கு நேர்மாறு. "செல்லடிக்குள்ளையே சமைச்சுச் சாப்பிட்டனாங்கள், இது என்ன புகை" என்று யன்னலைத் திறந்துவிட்டு நடக்கப் போவார்கள். முதல் வகையினருக்குப் புகை எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளில் போகும் என்று வரைபடத்தைக் காட்டி விளக்க வேண்டும், தனியே விடக் கூடாது. இரண்டாம் வகையினரிடம் வாதாடிப் பயனில்லை. "எனக்காக இண்டைக்கு ஒருநாள் உள்ளே இருங்கோ" என்று பேரப்பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.

எண்களை வாசிப்பது

புகை நாளில் கைத்தொலைபேசியில் மூன்று வகையான எண்கள் வந்து குழப்பும்.

• கனடா அரசின் காற்றுத்தரச் சுகாதாரச் சுட்டெண்: 1 முதல் 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை அதிகம், 10 க்கு மேல் மிக அதிகம். அரசின் வெதர்கேன் செயலியில் இதைப் பார்க்கலாம்.

• கியூபெக்கின் சுட்டெண்: 25 வரை நல்லது, 26 முதல் 50 வரை ஏற்கத்தக்கது, 51 இலிருந்து கெட்டது. மொன்றியல் மாநகரசபையின் அளவீட்டு நிலையங்களும் இதையே பயன்படுத்துகின்றன.

• அமெரிக்க முறைச் சுட்டெண்: 0 முதல் 500 வரை போகும். 150 ஐத் தாண்டினால் எல்லாருக்கும் கேடு, 300 ஐத் தாண்டினால் பேராபத்து. ஐ.கியூ.எயர் காட்டுவது இதை.

ஒரே காற்றுக்குத்தான் மூன்று எண்களும். ஒன்றைத் தெரிவுசெய்து அதையே பின்பற்றுங்கள். மத்திய அரசின் எண்ணை எடுத்தால், மேலே சொன்ன பட்டியலில் உள்ளவர்கள் 4 இல் கவனம் எடுக்கத் தொடங்க வேண்டும். இருமலோ இளைப்போ தெரிந்தால் வெளியே கடுமையான வேலையைக் குறைக்க வேண்டும். 7 இல் நடைப்பயிற்சியையும் தோட்ட வேலையையும் தள்ளிப்போட வேண்டும். 10 ஐத் தாண்டினால் எல்லாருமே உள்ளே இருப்பது நல்லது. எண் குறைவாக இருந்தும் நெஞ்சு இறுகினால், எண்ணைப் பார்க்காமல் உடம்பைக் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் அம்மம்மா, அப்பப்பாவுக்கு இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள்: "ஃபுமே" என்றால் புகை, "அவெர்த்திஸ்மோன்" என்றால் எச்சரிக்கை. வானொலியிலோ தொலைபேசியிலோ இவை வந்தால் உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

ஓர் அறையை ஆயத்தம் செய்யுங்கள்

முழு வீட்டையும் காப்பது கடினம். பழைய மொன்றியல் தொடர்மாடிகளில் பெரும்பாலும் சுவரோர மின்சூடாக்கிதான் இருக்கிறது. காற்றுக் குழாய் இல்லாததால் நடுவில் ஒரு வடியைப் போட்டு எல்லா அறைக்கும் சுத்தமான காற்று அனுப்ப முடியாது. ஆகவே ஓர் அறையை, நோயாளி படுக்கும் அறையையே, தெரிவுசெய்யுங்கள்.

யன்னல் இடுக்குகளைக் குளிர்காலத்தில் செய்வதுபோல நாடா ஒட்டி மூடலாம். கதவின் அடியில் ஈரத் துவாயை வைக்கலாம். அறைக்குள் ஹெப்பா வடி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை வையுங்கள். வாங்கும்போது பெட்டியில் புகைக்கான சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். அது அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 100. ஓசோனை வெளியிடும் கருவிகளை வாங்க வேண்டாம், ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதி. வடியைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் கருவி வெறும் விசிறிதான்.

சுத்திகரிப்பான் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. 20 அங்குலச் சதுர விசிறியின் பின்புறம், காற்றை இழுக்கும் பக்கத்தில், அதே அளவான மெர்வ் 13 உலை வடியை நாடாவால் ஒட்டினால் அது ஒரு தற்காலிகச் சுத்திகரிப்பான். அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இருவர் 2020 இல் நான்கைந்து வடிகளைப் பெட்டியாகக் கட்டி இதன் பெரிய வடிவத்தைப் பரப்பினார்கள். விசிறி 2012 க்குப் பின் தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஏனெனில் பழையவை சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆள் இல்லாதபோதும் நித்திரையின்போதும் இதை ஓடவிட வேண்டாம்.

புதிய கட்டடங்களில் காற்றுப் பரிமாற்றி இருந்தால், வெளிக்காற்றை எடுக்காமல் உள்ளே சுற்றும் நிலையில் வையுங்கள், அல்லது நிறுத்துங்கள். குளியலறை விசிறியைத் தேவைக்கு மட்டும் போடுங்கள். அது உள்காற்றை வெளியே தள்ளும்போது அந்த அளவு புகைக்காற்று இடுக்குகளால் உள்ளே வரும். வெளியே எண் குறைந்ததும் எல்லா யன்னல்களையும் திறந்து வீட்டை ஆறவிடுங்கள்.

குசினியும் சாமியறையும்

வெளிப்புகையைத் தடுத்துவிட்டு உள்ளே நாங்களே புகை உண்டாக்குவது உண்டு. அந்த அம்மா சாம்பிராணி போட்டதைச் சொன்னேன். புகை நாட்களில் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் வேண்டாம். சிறு மின்விளக்கை ஏற்றிக் கும்பிடலாம். மிளகாய் வறுப்பது, மீன் பொரிப்பது, வடை சுடுவது ஆகியவற்றைத் தள்ளிப்போட்டு இடியப்பம், புட்டு, சொதி என்று அவித்ததும் கொதித்ததுமாகச் சமாளிக்கலாம். தாளித்தே ஆக வேண்டுமென்றால் அந்த நேரம் மட்டும் குசினி விசிறியைப் போட்டு, முடிந்ததும் நிறுத்துங்கள். கரி அடுப்பை எக்காரணம் கொண்டும் உள்ளே எடுக்கக் கூடாது, காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். தும்புத்தடியால் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள்.

வெக்கையும் புகையும் சேர்ந்து வந்தால்

பலர் தடுமாறும் இடம் இது. யன்னலைத் திறந்தால் புகை, பூட்டினால் வெக்கை. கனடாவின் அறிவுறுத்தல் தெளிவானது: இரண்டும் சேர்ந்து வந்தால் உடம்பைக் குளிர்ச்சியாக வைப்பதற்கே முதலிடம். காரணம், வெக்கை விரைவாகக் கொல்லும். 2018 யூன் கடைசியிலும் யூலைத் தொடக்கத்திலும் அடித்த வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்தார்கள் என்று பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. பெரும்பாலோர் முதியவர்களும் நாட்பட்ட நோய் உள்ளவர்களும்.

ஆகவே குளிரூட்டி இல்லாத வீட்டில் முதியவரைப் பூட்டி வைக்க வேண்டாம். குளிரூட்டி உள்ள உறவினர் வீடு, நூலகம், கடைத்தொகுதி ஆகிய இடங்களுக்குச் சில மணிநேரமாவது அழைத்துச் செல்லுங்கள். யன்னலில் பொருத்தும் குளிரூட்டியில் வெளிக்காற்றுத் திறப்பு இருந்தால் மூடுங்கள். ஒரே குழாய் உள்ள நகர்த்தும் குளிரூட்டிகள் உள்காற்றை வெளியே தள்ளுவதால் புகையை உள்ளே இழுக்கும். வேறு வழி இல்லாவிட்டால் பயன்படுத்தலாம், பக்கத்தில் சுத்திகரிப்பான் ஓட வேண்டும்.

முகக்கவசம்

துணிக் கவசமும் நீலநிறச் சத்திரசிகிச்சைக் கவசமும் ஓரங்களால் காற்றை விடுவதால் நுண்துகளுக்குப் போதாது. என்95 அல்லது கே.என்.95 முகத்தோடு இறுக ஒட்டியிருந்தால் துகளைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. தாடி இருந்தால் ஒட்டாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கவசம் போடவே கூடாது. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் கவசத்தோடு மூச்செடுக்கச் சிரமப்படலாம், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கவசம் வெளியே போக வேண்டிய அவசியத்துக்கு உதவும். அதைப் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சி போவதற்கு அல்ல.

மருந்தும் தொலைபேசி இலக்கங்களும்

மே மாதத்துக்குள் இன்ஹேலர் முடிவுத் திகதியைப் பாருங்கள். உடன் நிவாரணம் தரும் இன்ஹேலர் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். நாளாந்த மருந்துகள் சில கிழமைக்குப் போதுமானதாக இருக்கட்டும். மருந்துச் சீட்டு முடிந்துவிட்டால் கியூபெக்கில் மருந்தாளரே பல மருந்துகளுக்குச் சீட்டை நீடிக்கலாம், வைத்தியரைக் காணும்வரை மருந்தில்லாமல் இருக்க வேண்டியதில்லை. அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் மருந்துச் சீட்டில் எழுதிய மருந்துகளுக்கும் உதவும். அந்தத் திட்டத்தில் பதிந்த மருந்தகம் எது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கண் எரிவு, தொண்டைக் கரகரப்பு, தலையிடி, சிறு இருமல் என்றால் உள்ளே இருந்து ஓய்வெடுங்கள், நீர் குடியுங்கள். சந்தேகம் இருந்தால் 811 ஐ அழைத்தால் தாதியர் ஒருவர் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கதைப்பார், கட்டணம் இல்லை. மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, பேச முடியாத இளைப்பு, உதடு நீலமாதல், மயக்கம் என்றால் காத்திருக்காமல் 911. தனியே இருக்கும் முதியவருக்கு "டிஃபிக்குல்த்தே ஆ ரெஸ்பிரே", அதாவது மூச்செடுக்கக் கஷ்டம், என்ற ஒரு வசனத்தைத் தமிழில் எழுதி, வீட்டு முகவரியையும் சேர்த்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். புகை போன பிறகும் சில நாட்களுக்கு மூச்சுப் பிரச்சினை தொடரலாம், அதையும் கவனியுங்கள்.

வேலையிடம், பிள்ளைகள், கோயில்

கியூபெக்கின் வேலையிடச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, ஆபத்து என்று நியாயமாக நம்பும் வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. மறுத்தவுடன் மேலாளரிடம் சொல்ல வேண்டும். வேலையிடத்தை விட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அங்கேயே இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வைத்தியச் சான்றிதழோடு வேறு வேலைக்கு மாறும் திட்டம் உண்டு. கட்டட வேலை, தோட்ட வேலை, சைக்கிளில் உணவு விநியோகம் செய்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாகக் காற்றை இழுக்கிறார்கள். புகை நாளில் உதைபந்தாட்டப் பயிற்சி வேண்டாம். யூன் முதல் ஓகஸ்ட் வரை எங்கள் தேர்த்திருவிழா, விளையாட்டுப் போட்டி, பழைய மாணவர் ஒன்றுகூடல் எல்லாம் வருகின்றன. அன்றன்று வானத்தைப் பார்த்து முடிவெடுத்தால் யாருக்கும் மனம் வராது. சுட்டெண் 7 என்றால் நிகழ்ச்சியைச் சுருக்குவது அல்லது உள்ளே மாற்றுவது, 10 ஐத் தாண்டினால் நாளை மாற்றுவது என்று நிர்வாகசபைகள் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். அன்று உள்ளே ஓமம் வளர்ப்பதையும் குறைக்க வேண்டும்.

செலவும் வரிக்கணக்கும்

இது என் தொழில் சார்ந்தது. கடுமையான நாட்பட்ட சுவாச நோய் அல்லது நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தால், காற்றுச் சுத்திகரிப்பானின் விலையை மத்திய வரிப்படிவத்தின் 33099 ஆம் வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். கடுமையான நாட்பட்ட நோய்க்காக எழுதிக் கொடுத்த குளிரூட்டிக்கு, விலையில் பாதி அல்லது 1,000 டொலர், இதில் எது குறைவோ அது. சீட்டை வாங்கிய பிறகே கருவியை வாங்குங்கள். பற்றுச்சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். தேறிய வருமானம் 24,000 டொலர் என்றால் அதன் 3 வீதமான 720 டொலருக்கு மேற்பட்ட செலவுதான் கணக்கில் வரும். பல், கண், மருந்து எல்லாம் சேர்த்து 1,200 டொலர் செலவழித்திருந்தால் 480 டொலர். அதிலும் ஒரு பகுதியே வரியிலிருந்து குறையும். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாதவருக்கு இதனால் பயன் இல்லை. பெற்றோர் பிள்ளைகளில் தங்கியிருந்தால் பிள்ளை தன் படிவத்தில் கோர முடியுமா என்று பாருங்கள்.

பெயர்ப்பட்டியல்

மேலே சொன்னவற்றுள் செலவே இல்லாதது இதுதான். 2018 வெப்ப அலையிலும் சரி, புகையிலும் சரி, முதலில் பாதிக்கப்படுபவர்கள் தனியே இருப்பவர்கள். எங்கள் மொழியில் எச்சரிக்கை வரும் என்று காத்திருக்க முடியாது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு குடும்பம் பொறுப்பெடுத்து ஒரு தாளில் இவற்றை எழுதி வைக்கட்டும்: தனியே வசிப்பவரின் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி, நோய், எடுக்கும் மருந்து, சுத்திகரிப்பானோ குளிரூட்டியோ உண்டா இல்லையா, திறப்பு யாரிடம் இருக்கிறது, பிள்ளைகளின் இலக்கம். அவர்களுடைய சம்மதத்தோடு எழுத வேண்டும், வெளியாருக்குக் காட்டக் கூடாது. சுட்டெண் 7 ஐத் தொட்டால் காலை ஓர் அழைப்பு, மாலை ஓர் அழைப்பு. தொலைபேசி எடுக்காவிட்டால் கதவைத் தட்ட வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒன்பது பெயர்கள். அந்த அம்மாவின் படுக்கையறையில் அவருடைய மகன் வாங்கி அனுப்பிய சுத்திகரிப்பான் ஓடுகிறது. சென்ற கோடையில் புகை வந்த ஒரு காலையில் அவருக்கு அழைத்தேன். "யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டன் தம்பி. நாலாம் மாடி ஐயாவுக்கும் அடிச்சுச் சொல்லிப்போட்டன், அவர் எடுக்கேல்லை. நீங்கள் ஒருக்கா மேலை போய்ப் பாருங்கோ" என்றார். நான் மேலே போனேன். ஐயா குளித்துக்கொண்டிருந்தார்.